சிரிக்கச் சொல்லி எடுத்த படம்

கமரா வாங்கப் போன அன்று காலையிலேயே என் மனம் சரியில்லை. இவருடைய இடக்கையில் இருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்தது. விழுந்ததே தெரியாதவர் போல இவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் போவமே?" என்றேன்.

"பிரஷர் குளிசை போட்டனான். சும்மா பயப்படுத்தாதையும். பிள்ளை எத்தினை மாதமாக் காத்துக்கொண்டிருக்கிறாள்."

மகள் கோயில் திருநாளையும் பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்கையும் போனிலேயே படம் எடுத்துப் பழகியவள். வேலணையில் ஒரு கலியாண வீட்டுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். அதற்குப் போனைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது.

கடலுக்குப் போகாத நாளில் இவர் ஓடுவது எங்கள் சொந்த ஓட்டோ. கரம்பொனில் இருந்து அதிலேதான் யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டோம். மடுவுக்கு யாத்திரை போகையில் பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதா பாட்டு ஒன்று உண்டு. எந்தத் தூரப் பயணத்துக்கும் இவருக்கு அதுதான் வழிப்பாட்டு. மண்டைதீவுச் சந்தி தாண்டி, இரண்டு பக்கமும் கடல் வந்ததும் அதைத் தொடங்கினார். முதல் அடி முடிந்தது. அடுத்ததும் முதல் அடியாகவே வந்தது. பிறகும் அதே அடி.

"அப்பா, ரேப் சிக்கிப் போச்சோ?" என்று மகள் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஓட்டோ கொஞ்சம் கொஞ்சமாக றோட்டின் கரைப்பக்கம் ஒதுங்கியது. கீழே கல்லும் தண்ணீரும்.

"இஞ்சேருங்கோ, கடலுக்கையோ விடப்போறியள்?"

"காத்து இழுக்குதப்பா."

காற்று இருந்தது உண்மைதான். ஆனால் எதிரே வந்த ஓட்டோக்கள் நேராகத்தான் வந்தன. நான் செபமாலையை எடுத்தேன். பாட்டு தானாக நின்றுபோனது. மாதாவே, எங்களைக் கரை சேர்த்துவிடு என்று மட்டும் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் கடைக்காரத் தம்பி இரண்டு கமராக்களைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தான். ஒன்று புதிது. மற்றது ஒருவர் பாவித்தது, ஆனால் பெரியது. மகள் புதியதை எடுத்துக் கொண்டாள். கதிரையில் இருந்த தகப்பனைப் பார்த்து, "அப்பா, வடிவாச் சிரியுங்கோ" என்றாள்.

"சிரிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். "இது சரியில்லை தம்பி, முகத்தை ஒரு பக்கம் இழுக்குது."

மற்றக் கமராவால் எடுத்தாள். அதிலும் வாயின் இடது மூலை கீழேதான் கிடந்தது.

"லென்ஸிலை பிழை இராதக்கா" என்றான் தம்பி. "அம்மாவை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ."

என்னை எடுத்தாள். என் முகம் என் முகமாகவே இருந்தது.

நான் படத்தை விட்டுவிட்டு இவரைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்த மனுசனை அப்போதுதான் பார்த்தேன். "எழும்புங்கோ" என்றேன். எழும்பினார், இடது கால் சேர்ந்து வரவில்லை. தம்பி கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, வேறு ஓட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டான்.

மூளையில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். இன்னும் பிந்தியிருந்தால் சொல்ல ஏலாது என்றார்கள். அடுத்த நாள் கண் திறந்தவர் மகளைத்தான் தேடினார்.

"எது வாங்கினனி?" சொல் குழைந்துதான் வந்தது.

"ஒண்டும் வாங்கேல்லையப்பா. ரெண்டும் உள்ளதைத்தான் காட்டினது."

"அப்ப பெரிசை வாங்கு. என்ரை மூஞ்சையும் பெரிசுதானே."

அவள் பெரியதையே வாங்கினாள். கலியாணமும் எடுத்தாள். இவர் தடியூன்றி நடந்து வீட்டுக்கு வந்தது ஆண்டவர் தந்த கிருபை. ஆனால் அதே வருத்தம் இன்னொருமுறை வரலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதனால் காலைச் செபம் முடிந்ததும் வாசல் வெளிச்சத்தில் இவர் கதிரையில் இருப்பார். மகள் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பாள். அவள் "சரி" என்று சொல்லும் வரையில் நான் அடுப்படிக்குப் போவதில்லை.

இன்று காலை அவள் வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் பார்த்தாள்.

"வெளிச்சம் காணாது" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "இன்னொருக்காச் சிரியுங்கோ அப்பா."