ரோண்டாவின் தோட்டாவும் டுவேனின் கணக்கும்

அமெரிக்காவின் மான்டானாவில், ஹார்ஸ்நெக் கணவாய்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் ரோண்டாவைத் தெரியும் என்பார்கள். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள் அவள்தான். அடக்கத்துக்கும் அவளுக்கும் ரொம்ப தூரம். "நான் ரோட்டைத் திறந்துவிடலேன்னா உங்க ஆபீஸுக்கே நீங்க போய்ச் சேர மாட்டீங்க" என்று ஷெரீஃபின் முகத்துக்கு நேரே சொன்னவள். சொன்னால் என்ன, பொய்யா சொன்னாள்?

அவளுடைய இன்னொரு பெருமை தோட்டா. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய துப்பாக்கி, கடையில் வாங்கிய தோட்டாவைக் கண்டதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, புது வெடிமருந்து அளந்து போட்டு, குண்டை வைத்து அழுத்தி மூடுவாள். சாப்பாட்டு மேசையில் பாதி அந்த வேலைக்கு. மீதிப் பாதியில் அவளும் புருஷன் லோரனும் சாப்பிடுவார்கள். அடுத்தவர் அடைத்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மருந்து கூடிப்போனால் வெடிப்பது கன்னத்துக்குப் பக்கத்தில் அல்லவா? அந்தச் சட்டத்தை மீறியவன் ஒருத்தன்தான், லோரனின் அண்ணன் டுவேன். ஒரு குளிர்காலத்தில் பனி கடித்து அவன் விரல் நுனிகள் கருகி மரத்துப்போன பிறகு அவனுக்கும் ரோண்டாவே அடைத்துக் கொடுத்தாள்.

டுவேன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அன்று தொட்டே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் அவர்களைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் இல்லை. அதனால் ஆகஸ்டில் கணவாய் உச்சியில் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு வருஷா வருஷம் இருவரும் சேர்ந்தே போவார்கள். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் தொங்கும் இரும்புத் தகடுகளை அடிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகிற குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்குச் சொல்ல இப்போது போனிலேயே மென்பொருள் வந்துவிட்டது. இந்த வருஷம் டுவேன் வாங்கியது பெரிய விலை. ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்.

"நீயும் இதையே வாங்கிரு ரோண்டா."

"வருஷா வருஷம் வாடகை குடுக்க அது என்ன வீடா?"

அவள் தானே தேட ஆரம்பித்தாள். ஒன்று சிக்னல் இல்லாமல் வாயே திறக்கவில்லை. கணவாயில் சிக்னலுக்கு எங்கே போவது? இலவசமாகக் கிடைத்த ஒன்று, கணக்கைக் கேட்டால் பூட்ஸ் விளம்பரம் காட்டியது. இன்னொன்று குண்டின் பாதையைச் சொன்னது, ஆனால் எந்தக் கூட்டில் எவ்வளவு மருந்து போட்டோம் என்று குறித்துவைக்க அதில் இடமில்லை. கடைசியில் ஐடஹோவில் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர் ஒருவர் எழுதிய மென்பொருள் அகப்பட்டது. ஒரே முறை காசு, அதுவும் ஒரு ஸ்டேக் சாப்பிடுகிற காசு. மருந்தும் கூடும் பாதையும் எல்லாம் ஒரே இடத்தில். தன் துப்பாக்கியோடு, தான் தோட்டா அடைக்கும் டுவேனின் துப்பாக்கி விவரத்தையும் அதில் ஏற்றினாள். காலை உணவுக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தத் திரையைக் காட்டிவிட்டுத்தான் காபி குடித்தாள்.

ஊரில் நடந்த முதல் பயிற்சியில் டுவேனின் குண்டுகள் தகட்டில் விழுந்தன. அவள் சுட்ட ஒவ்வொரு குண்டும் தகட்டுக்கு மேலாகப் பறந்துபோனது.

"விலை மலிவா இருக்கிறப்பவே நினைச்சேன்," என்றான் டுவேன். "போட்டியிலயும் இப்படியே ஆச்சுன்னா அடுத்த வருஷம் என் மருமகனைக் கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காத."

"உன் மருமகன் கண்ணைத் திறந்துட்டுச் சுடக் கத்துக்கிட்டானா?" என்று கேட்டாளே தவிர, வீடு வந்ததும் மருந்தைத் திரும்பத் திரும்ப எடை போட்டுப் பார்த்தாள். அந்த இடம் போனால் அவளுக்கு ஆகஸ்ட் என்று ஒரு மாதமே இல்லை.

அந்த வாரம் கணவாயில் சாலைத் தடுப்பு சரிசெய்யும் வேலை. லாரியில் வானொலி காற்றழுத்தம் சொன்னது. ஊரில் சொன்ன அதே எண்ணைத்தான் உச்சிக்கும் சொன்னது. பக்கத்து இருக்கையில் கிடந்த சிப்ஸ் பொட்டலமோ, ஏற ஏற ஊதிப்போய்த் தலையணை மாதிரி நின்றது. ரோண்டா பிரேக்கை மிதித்தாள். மேலே காற்று மெலிந்துவிட்டது என்று சிப்ஸுக்குத் தெரிகிறது, வானொலிக்குத் தெரியவில்லை! வானொலிக்காரர்கள் எந்த ஊர் அழுத்தத்தையும் கடற்கரைக் கணக்குக்கு மாற்றிச் சொல்கிறவர்கள். 'இது நீங்கள் நிற்கும் இடத்தின் அழுத்தமா, வானொலி சொன்னதா?' என்று மென்பொருள் முதல் நாளே கேட்டிருந்தது. அவள்தான் அவசரத்தில் தவறான கட்டத்தைத் தொட்டிருக்கிறாள். மலை ஊரில் நிற்கிறவள் கடலோரத்துத் தடித்த காற்றில் சுடுவதாக நினைத்து, அது குறியை மேலே தூக்கச் சொல்லியிருக்கிறது.

"அது கேக்கத்தான் செஞ்சுது, நாந்தான் பொய் சொல்லிட்டேன்," என்று லோரனிடம் சொல்லிச் சிரித்தாள். கட்டத்தை மாற்றினாள்.

போட்டி நாளில் அவள் முதல் குண்டுக்கே தகடு 'ணங்'கென்றது. இரண்டாவதற்கும் அப்படியே. அவள் திரும்பி, கூடியிருந்தவர்களுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். பிறகு டுவேன் துப்பாக்கியோடு குப்புறப் படுத்தான். சுட்டான். குண்டு தகட்டுக்கு மேலே மண்ணைக் கிளப்பியது.

"காத்து," என்றான். மறுபடி சுட்டான். மறுபடி மண். "வெயில் கண்ணுல அடிக்குது."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். டுவேனுக்கு ஆடத் தெரியும், அதுதான் பரிதாபம். ரோண்டா அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"காத்தழுத்தம் எங்கேருந்து எடுத்தே?"

"வானொலியிலதான். எப்பவும் அப்படித்தானே?"

"அப்போ ஊர்ல எப்படிச் சரியா விழுந்துச்சு?"

"முதல்ல மேலே மேலே போச்சு. மென்பொருள்ல குண்டோட வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், குறி கீழே இறங்குச்சு. சரியாயிருச்சு."

குட்டு உடைந்தது. அழுத்தத்தில் சொன்ன ஒரு பொய்யை மறைக்க வேகத்தில் இன்னொரு பொய். ஊரில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிட்டன. அதைவிட உயரமான இந்த உச்சியில் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிட்டன.

"உன் துப்பாக்கியும் இதுல இருக்கு," என்று ரோண்டா தன் போனை நீட்டினாள். "இந்த நம்பரை வை."

"அந்த மலிவுச் சரக்கு நம்பரையா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன்டா டுவேன், நான் அடைச்ச தோட்டாவை இத்தனை வருஷமா உன் கன்னத்துக்குப் பக்கத்துல வச்சுச் சுடுறே. ஒரு நாளாவது பயந்தியா? கன்னத்தை நம்பி என்கிட்ட குடுக்கிறவன், ஒரு நம்பரை நம்ப மாட்டியா?"

டுவேன் துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகை மரத்த விரல்களால் மெல்லத் திருப்பினான். அவள் சொன்ன எண்ணில் நிறுத்தினான். மூச்சை அடக்கிச் சுட்டான். எதிர்ச் சரிவிலிருந்து இரும்பு மணி போல ஒலித்தது. ரோண்டாவுக்குத் தான் அடித்தபோதுகூட அப்படி ஒரு பெருமை வரவில்லை.

"அடுத்த வருஷம் உன் மருமகனைக் கூட்டிட்டு வரப்போறியா?"

கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே டுவேன் சொன்னான்: "சும்மா பேசிட்டிருக்காத. அடுத்த தகட்டுக்கு நம்பர் சொல்லு."