பின்லாந்து நர்ஸ் கேட்ட வயதுச் சொற்கள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட என்னிடம் தமிழ் படிக்க வந்தாள், மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்த பின்லாந்து நர்ஸ். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்கூல் டீச்சர். வாரத்தில் இரண்டு சாயங்காலம் திருச்சியிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள்.

வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் படிக்க வந்தால் காய்கறிப் பெயர் கேட்பார்கள், பேரம் பேசக் கேட்பார்கள். இவளுக்கு வேண்டியதெல்லாம் வயதானவர்களைப் பற்றிய சொற்கள். அவளுடைய வார்டில் அவர்கள்தான் அதிகமாம். முதலில் தன் மொழிச் சொல்லைச் சொல்வாள், நான் அதற்குத் தமிழ் தர வேண்டும். 'வன்ஹா' என்றால் வயதான. பழைய செருப்புக்கும் அதே வன்ஹாதான் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 'வன்ஹுஸ்' முதியவர், 'மும்மோ' பாட்டி, 'வாரி' தாத்தா. ஒருநாள் 'வன்ஹைன்கோத்தி' என்றாள். வயதானவர்கள் பிள்ளைகளை விட்டுப் பிரிந்து, ஒன்றாகத் தங்கியிருக்கும் வீடாம்.

"எங்க ஊர்ல அதுக்கு வார்த்தை இல்லீங்க. தேவைப்படல," என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

அவள் பார்வை உள்ளறைப் பக்கம் போனது. அங்கே என் அப்பா இருந்தார். ஆண் பிள்ளை இல்லாதவர். அம்மா போன பிறகு துறையூரிலிருந்து நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்தேன். இரண்டு வருஷமாகியும் மாப்பிள்ளை வீடு என்ற கூச்சம் அவருக்குப் போகவில்லை. என் கணவர் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். பாடம் முடிந்தாலும் கிளம்ப மாட்டாள். அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ பேசுவாள். நான் காபியோடு வந்தால் இருவரும் கப்சிப். அவருடைய வயதை அவள் குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மனுஷரைக் கொண்டுபோய் எங்கோ தள்ளப் பார்க்கிறாள் என்று கணவரிடம் பொருமினேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "எங்க அப்பா மேல உங்களுக்கு என்னங்க இவ்வளவு அக்கறை? எங்க கொண்டுபோகப் பார்க்கிறீங்க?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. அப்பாவைப் பார்த்தாள்.

"அவங்களைக் கோச்சுக்காதம்மா," என்றார் அப்பா. "நான்தான் கேட்டேன். கன்னியாஸ்திரீங்க நடத்துற, வயசானவங்க தங்குற வீட்டுல எனக்கு இடம் கிடைக்குமான்னு விசாரிக்கச் சொன்னேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"இங்க உங்களுக்கு என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கூசாம ஒரு இடத்துல கேட்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."