ஓவியரின் அம்மா பெயர்

அமாவாசைக் காலை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தின் ஈரப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் இரண்டு பழைய பத்திர நகல்கள். புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறேன். அவருடைய அப்பா பெயர் ரெங்கசாமி. திருச்சிப் பத்திரங்களில் ஒரே காலத்து ரெங்கசாமிகள் இருவர் கிடைத்திருக்கிறார்கள். ஜீயபுரத்துக்காரரின் மனைவி அலமேலு, தொட்டியத்துக்காரரின் மனைவி செல்லம்மாள். ஓவியரின் அம்மா யார் என்று தெரிந்தால், பூர்வீக ஊரும் தெரிந்துவிடும்.

ஓவியருடைய தம்பியின் பேரன் பாலு, ஆட்டோ ஓட்டுகிறார். "பூர்வீகமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்று நேற்றே கைவிரித்துவிட்டார். ஆனாலும் அவர் தர்ப்பணம் கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்துப் போடத் தெரியாத என் அப்பா, ஆற்றங்கரையில் மூன்று தலைமுறைப் பெயர்களையும் தடுமாறாமல் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள்.

"கொள்ளுப்பாட்டி பேரு சொல்லுங்கோ" என்கிறார் சாஸ்திரிகள்.

"செல்லம்மா" என்கிறார் பாலு, யோசிக்காமல்.

எனக்குச் சிரிப்பு வருகிறது. "தெரியாதுன்னீங்களேண்ணே!"

"நீங்க பூர்வீகம்னு கேட்டீங்க. இது எங்கப்பா மனப்பாடம் பண்ண வெச்ச பேருங்க."

பாலுவின் கொள்ளுப்பாட்டிதான் ஓவியரின் அம்மா. தொட்டியம் என்று குறித்துக்கொண்டு, ஒரு நகலை அவரிடம் காட்டுகிறேன். "செல்லம்மாவுக்கு அவங்க அப்பா நிலம் எழுதிக் கொடுத்த பத்திரம்தாண்ணே இது. அவர் பேரு பெரியண்ணன்."

பாலு அந்தக் காகிதத்தையே பார்க்கிறார். பிறகு சாஸ்திரிகளிடம் கையை நீட்டுகிறார்.

"இன்னும் கொஞ்சம் எள்ளு போடுங்க சாமி. ஒருத்தர் பாக்கி இருக்காரு."