கிளிப்பக்கா சொன்ன ‘விட்டாச்சு’

நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து, சாயங்காலத்துக்குள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனது யாரென்று துணி வெட்டுகிறவருக்கு அன்று தெரியாது. நல்ல ஷூ, அதுவாகவே காய்ந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கட்டைவிரலில் ஏதோ உறுத்தியது. கையை விட்டால், ஒரு துண்டுத் தாள். விடுதி நடத்தும் அக்காவிடம் காட்டி, நீங்களா என்று கேட்டார்.

“ம்” என்றார் அக்கா.

அதற்கு மேல் வாயில் இடமில்லை. பற்களுக்கிடையில் எப்போதும் நாலைந்து துணிக் கிளிப் இருக்கும். எட்டுக் கட்டில் போட்ட ஒரே கூடம், மேலே மொட்டை மாடி, அதில் ஆறு கொடி. முதுகுப்பையோடு வருகிற அத்தனை பேரின் ஈரத்துணியும் அவர் தலையில். வெயில் எட்டிப்பார்த்தால் ஓடிப்போய்ப் போடுவார், தூறல் விழுந்தால் ஓடிப்போய் எடுப்பார். கடற்கரைத் தெரு முழுக்க அவருக்குக் கிளிப்பக்கா என்றுதான் பெயர்.

துணி வெட்டுகிறவர் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் கத்தரி பிடிப்பவர். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக லீவு கேட்டு, கடல் பார்க்க வந்திருந்தார். ஐந்து நாளும் வானம் அவரை வைத்து விளையாடியது. குடை எடுத்தால் வெயில் கொளுத்தியது. குடையை வைத்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போனால் தலை நனைந்தது. துண்டு முதல் நாள் நனைந்தது நனைந்ததுதான். ஆண்டவனுக்கே ஒரு முடிவு இல்லையோ என்று நினைத்து, நினைத்த வேகத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அதைவிடப் பெரிய எரிச்சல் படகு. அக்கரைக்குப் போனால்தான் ரயில். மழையைக் காரணம் காட்டி இரண்டு நாளாகப் படகை நிறுத்திவிட்டார்கள். பள்ளி திறக்கிற நேரம். திங்கட்கிழமை காலை வரவில்லையென்றால் கத்தரியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு படகு போகலாம் என்று பேச்சு அடிபட்டது. மாடியிலிருந்து பார்த்தால் படகுத்துறை தெரியும் என்பதால், “விட்டா சொல்லுங்கக்கா” என்று கிளிப்பக்காவிடம் முதலாளி கதையோடு நாலு முறை சொல்லிவைத்து, பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு, துணி வாளியோடு மாடிக்குப் போகிற அக்கா கதவில் தலையை நீட்டினார். கிளிப்புக்கு நடுவே, “விட்டாச்சு” என்றார். போய்விட்டார்.

படகு போய்விட்டது என்று துணி வெட்டுகிறவர் முடிவுகட்டினார். படகை விட்டபிறகு வந்து சொல்லவா நாலு முறை சொல்லிவைத்தோம்? யாரையும் ஏச அவருக்கு வாய் வராது. பையை அவிழ்த்து, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

காலி வாளியோடு இறங்கிவந்த அக்கா திகைத்து நின்றார்.

“என்ன தம்பி, படுத்துட்டீங்க?”

“நீங்கதானேக்கா விட்டாச்சுன்னீங்க.”

“ஆமா, மழை விட்டாச்சு.”

“நான் கேட்டது படகு.”

“படகு போயிருந்தா நான் எதுக்கு வந்து சொல்றேன்? டாட்டா காட்டவா?”

அந்த நேரம் பார்த்து துறையில் சங்கு ஊதியது. கைக்குக் கிடைத்ததைப் பையில் திணித்துக்கொண்டு அவர் ஓட, மீதியை வாளியில் அள்ளிக்கொண்டு அக்கா பின்னால் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். இனி ஒரு ஆளுக்குக்கூட இடமில்லை என்றார். அக்கா ஒரு காலைப் படகில் வைத்தார். மறுகால் துறையிலேயே இருந்தது.

“கால எடுக்கா, விழுந்துடப் போறே.”

“விழுந்தா நீதான் குதிக்கணும். ஆள ஏத்திக்க.”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இடம் விட்டார். அக்காவின் தோளைப் பிடித்துத் துணி வெட்டுகிறவர் ஏறினார். அதற்குள் மறுபடியும் தூறல். மொட்டை மாடியில் அப்போதுதான் போட்ட ஆறு கொடித் துணியும் நனைந்துகொண்டிருக்கும். அக்கா வானத்தை ஒரு முறை முறைத்தார்.

திங்கட்கிழமை கத்தரி அவர் கையில்தான் இருந்தது. அதன்பிறகு லீவு கிடைக்கவில்லை, அக்காவை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை. படகில் வைத்த காலைத் துறைக்கு எடுத்துக்கொண்டு, வாளியை அவரிடம் நீட்டியபோது அக்கா சொன்னதுதான் கடைசி.

“வேலை போச்சுன்னா போன் போடுங்க தம்பி. உங்க முதலாளிகிட்ட நான் பேசுறேன்.”