விசாரிக்க வந்தவர்களுக்குச் சொன்ன பதில்

எங்கள் ஊரான தலத்தெருவில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நல்ல சேலை உடுத்திய இரண்டு பெண்கள் வந்தால், வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, "எந்த வீட்டுப் பொண்ணைப் பத்திங்க?" என்று கேட்டுவிடுவோம். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தெருவுக்கு வந்து இப்படி விசாரிப்பது வழக்கம். அன்றைக்குப் பெண் வீட்டு வாசலை மட்டும் அவர்கள் மிதிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட வேண்டும்.

என் எதிர் வீட்டுத் தோழிக்காக முதலில் வந்தவர்கள் அம்பகரத்தூர்க்காரர்கள். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். மகன் இல்லாததால் பெரியப்பா மகன் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவரோ அந்த வீட்டோடு பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். கொள்ளிச்சட்டியை அவர் கையில் கொடுக்கப்போகும் நேரத்தில் இவள் முன்னால் வந்தாள். "ரெண்டு வருஷமா அப்பாவக் குளிப்பாட்டுனது நான்தாண்ணே. இதையும் நானே செஞ்சுடுறேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடும் ஊரில் அவள் சுடுகாடு வரை நடந்தாள்.

அன்று மாலையே அவளுக்குப் பெயர்கள் வந்துவிட்டன. அடங்காதவள் என்றார்கள், வீம்புக்காரி என்றார்கள். எதுவும் சொல்ல விரும்பாதவர்கள் கையை மட்டும் திருப்பிக் காட்டி, "அது ஒரு மாதிரிங்க" என்றார்கள். இதே தெருவில் ஐயர் இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட ஓர் அரசு ஊழியர் இருக்கிறார். அவரைக் கொள்கைக்காரர் என்று மரியாதையாகவே சொல்கிறார்கள். வழக்கத்தை மீறிய ஆணுக்குக் கொள்கை இருக்கிறது, பெண்ணுக்கு வீம்பு மட்டும்தான் இருக்கிறது என்பது சமூகவியல் படித்த எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அம்பகரத்தூர்க்காரர்கள் கேட்டபோது நான் தயாராக இருந்தேன். "மரபை உடைச்ச புரட்சிப் பெண்ணுங்க அவ. இந்தத் தெருவுக்கே முன்னோடி" என்றேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த பஸ்சு எத்தனை மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தோழி என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "விசாரிக்க வந்தவங்கள உக்கார வச்சு மேடையில பேசுற மாதிரி பேசியிருக்கியேடி! மைக்கு மட்டுந்தான் பாக்கி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரு சொன்ன சொல்லை எதிர்ப்பதாக நினைத்து நானும் ஒரு சொல்லைத்தான் வீசியிருக்கிறேன். இரண்டிலும் அவளைக் காணோம்.

ஆறு மாதம் கழித்துப் பூவத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இந்த முறை அவளே என்னிடம் வந்து சொன்னாள். "அவரும் நானும் போன்ல நாலஞ்சு தடவ பேசிட்டோம்டி. எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பா காரியத்தப் பத்தியும் சொல்லிட்டேன். ஆனா அவங்க அம்மாவுக்குத் தெரியாது. அவங்க விசாரிச்சுட்டு வந்து என்ன சொல்றாங்களோ அதுதான்."

"இருக்கிற இடமே தெரியாத பொண்ணுன்னு சொல்லிடவா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

"அப்படிச் சொன்னீன்னா வேற எவளையோ பாக்க வந்துருக்காங்கன்னு நெனச்சுக்குவேன்."

இரண்டு நாள் யோசித்தேன். மென்மையான பொய்யைச் சொன்னால் கல்யாணம் நடக்கலாம். அந்தப் பொய்யைக் கட்டிக் காக்கும் வேலை ஆயுள் முழுக்க அவள் தலையில் விழும். உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பிடித்த ஒருவர் என் வாயால் கைவிட்டுப் போகலாம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் விலையைக் கொடுக்கப்போவது நான் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் அம்மாவும் அவருடைய நாத்தனாரும் வந்தார்கள். "பொண்ணு எப்படிம்மா?" என்று அம்மா கேட்டார். எப்படி என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று சொன்னேன். இரண்டு ஆண்டு படுக்கையில் கிடந்த அப்பா, பள்ளிக்குப் போகும் முன் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது, கொள்ளிச்சட்டி, சுடுகாட்டு வழி. எந்த இடத்திலும் ஒரு பட்டம் சேர்க்காமல் சொல்வது கடினமாக இருந்தது.

நாத்தனார் முகவாயில் கை வைத்தார். "பொட்டப்புள்ள சுடுகாட்டுக்குப் போறதாவது! தெருவுல என்ன பேசிக்கிட்டாங்க?"

அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அம்மா என் பக்கம் திரும்பி, "மறுநாளு பால் தெளிக்க யாரு போனா?" என்றார்.

"அவதாங்க."

"கருமாதி?"

"அதுவும் அவதாங்க. ஒண்ணும் விடல."

"பந்தல்ல நாலு பேரு பாக்குறப்ப செஞ்சுட்டுப் போயிடல. கடைசி வரைக்கும் இருந்துருக்கு" என்றார், எங்கள் இருவரிடமும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "எதுத்த வீடுதானே?"

"அண்ணி! விசாரிக்கத்தானே வந்தோம்? இன்னைக்கு அந்த வாசலுக்குப் போகக் கூடாது" என்று நாத்தனார் பதறினார்.

"குடிக்கத் தண்ணி கேக்கப்போறேன். அதுல என்ன?"

"இப்பத்தானே டீ குடிச்சீங்க!"

"டீ குடிச்சா தாகம் எடுக்காதா?"

அவர் தெருவைக் கடந்து கதவைத் தட்டினார். விடைத்தாள்களும் சிவப்புப் பேனாவுமாகத் தோழி வந்து திறந்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகத் துப்பட்டாவைச் சரிசெய்தாள். அம்மா ஏதோ கேட்டார். இவள் விலகி வழிவிட்டாள்.

நாத்தனார் என் வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்தார். "எங்க அண்ணி இப்படிப் பண்ணி நான் பாத்ததே இல்லம்மா" என்றார். அவர் குரலில் கண்டிப்பு குறைந்து, ஆர்வம் கூடியிருந்தது. சற்று நேரத்தில் கைப்பையை இடுக்கிக்கொண்டு அவரும் தெருவைக் கடந்தார்.