பானை கண்டெய்னரும் இரண்டு கவர் லெட்டர்களும்

சிங்கப்பூரில் என் தோழிக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் வேலை போனது. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கப்பல் சரக்குக்கான தாள்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த மாதத்துக்குள் அவளுக்கு நான்கு இடங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எனக்கு ஒன்றுகூட இல்லை. அவள் பிடோக்கிலுள்ள தன் வீட்டிலிருந்து போன் செய்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நான் புக்கிட் மேரா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு "ரொம்ப சந்தோஷம்" என்பேன். வயிறு எரியும்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, அவளைச் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்லி வேலை விண்ணப்பத்தோடு அனுப்பும் என் கவர் லெட்டரைக் காட்டினேன். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள், எல்லோரோடும் ஒத்துப்போகிறவள் என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

"இது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும் லா," என்றாள். "நீ செஞ்ச வேலை ஒண்ணை எழுது. என்ன பிரச்சினை, நீ என்ன செஞ்சே, எப்படி முடிஞ்சது. அவ்ளோதான்."

தன்னுடையதை போனில் திறந்து நீட்டினாள். பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மண்பானை கண்டெய்னர் ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. தாளில் எடை தவறு. காலையிலிருந்து போனிலேயே இருந்து திருத்தம் வாங்கி, சாயங்காலத்துக்குள் வெளியே எடுத்தேன் என்று எழுதியிருந்தாள். தோசையைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதைச் செய்தது நான். அன்றைக்கு அவள் எனக்குக் கோப்பி வாங்கி வந்தாள், இரண்டு போன் நம்பர் தேடிக் கொடுத்தாள்.

"இது என்னோடது," என்றேன்.

"அன்னைக்கு பாஸ் கேட்டப்ப ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்னு நீதானே சொன்னே?"

சொன்னேன்தான். தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. பெருந்தன்மையாக நான் விட்டுக்கொடுத்ததை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கடிதத்தை மாற்றி எழுதினேன். அவள் சொல்லிக்கொடுத்த முறைப்படியே, அதே கண்டெய்னர், அதே பானைகள். அவளை அழைத்திருந்த நான்கு கம்பெனிகளில் ஒன்றுக்கே அனுப்பினேன். அங்கே ஒரே ஒரு இடம்தான் காலி என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் அனுப்பினேன்.

அழைத்தார்கள். அவளுக்கு முந்தைய நாளே நேர்காணல் முடிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மையார் என் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "இதே கண்டெய்னரைப் பற்றி இன்னொருவரும் எழுதியிருக்கிறார். உண்மையில் யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரெண்டு பேரும்தான் என்ற பழைய பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான்தான். அவள் கோப்பி வாங்கி வந்தாள்."

அவர் சிரித்தார். "நேற்று நான் கேட்டபோது, செய்தது நீங்கள்தான் என்று அவரும் சொன்னார். தான் கோப்பி வாங்கி வந்ததைக்கூட விடவில்லை."

வேலை எனக்குத்தான் கிடைத்தது. மற்ற மூன்றில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. போன் செய்து என்னை வாழ்த்தினாள், குரலில் ஒரு குறையும் இல்லை. கேட்டவுடன் அவளால் அப்படி உண்மையைச் சொல்ல முடிந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.