பாஸ்டு அவுட், பாஸ்டு அவே

என் மனைவி இடையஞ்சாவடியில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். அதே விடுதிக்கு நான் கார் ஓட்டுகிறேன். ஒரு சித்திரையில், அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மரக்காணம் உப்பளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய கணவர் வயிறு சரியில்லை என்று அறையிலேயே படுத்துவிட்டார். பேச்சுத் துணைக்கு என் மனைவி வந்தாள்.

நாங்கள் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. உப்பின் வெளுப்பில் கண் கூசியது. குடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே கால் மடிந்து விழுந்துவிட்டார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து கொட்டகை நிழலுக்குத் தூக்கிப்போனார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தார், மெல்லப் பேசினார். ஆனாலும் பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். இனி கணவருக்குச் சொல்ல வேண்டும்.

"நீயே பேசும்மா," என்றேன்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பாஸ்டு அவுட்டா, பாஸ்டு அவேயா? ஒண்ணு மயக்கம், இன்னொண்ணு சாவு. பதட்டத்துல எது எதுன்னு குழம்புதுங்க."

எங்கள் பக்கத்தில் பாஸ் அவுட் என்றால் காலேஜ் முடித்தது என்றுதான் அர்த்தம். "மயக்கத்துக்கு அவுட்டுதான்னு நெனைக்கிறேன்," என்றேன்.

"நெனைச்சுச் சொல்ற விஷயமா இது? நான் சரியாவே சொன்னாலும், போன்ல அந்தாளுக்கு எப்படிக் கேக்குமோ."

பிறகு எண்ணை அழுத்தினாள். "சார், யுவர் வைஃப் இஸ் ஓகே," என்றுதான் ஆரம்பித்தாள். "டூ மச் சன். ஷீ ஃபெல் டவுன். நவ் ஷீ இஸ் டாக்கிங்." அதோடு போனைக் கட்டிலில் இருந்தவரின் காதில் வைத்துவிட்டாள்.

நானாக இருந்தால் வாயில் வந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியதும் அவள் அந்தக் கணவரிடமே சந்தேகத்தைக் கேட்டாள். மயக்கத்துக்கு பாஸ்டு அவுட் சரிதான், ஃபெயின்டட் என்றும் சொல்லலாம் என்றார் அவர். பாஸ்டு அவே என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "ஓகே என்று முதலில் சொன்னீர்களே, அதனால்தான் மற்றதெல்லாம் என் காதில் விழுந்தது," என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், "போன்ல சொல்லும்போது பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுங்க. தனியாப் படுத்துக் கெடக்கற மனுசனுக்கு அதைவிட இருக்கும்ல," என்றாள்.